வரப்புக்குக் கீழே ஒரு வெள்ளை நூல்

என்னுடைய பாதுகாப்புத் திட்டம் நூற்றுப் பதினாறு பக்கம். எலி வந்தால் என்ன செய்வது, வெள்ளம் வந்தால் என்ன செய்வது, ஊழியர் செருப்பில் ஒட்டிக்கொண்டு போனால் என்ன செய்வது, யாராவது பைத்தியக்காரன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே குதித்தால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். நில அதிர்வுக்கு மட்டும் மூன்று பக்கம். முளைப்பாரிக்கு ஒரு வரிகூட இல்லை. பெரம்பூரில் ரயில் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் நான். முளைப்பாரி என்றால் என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் மோனிஷா. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வது என் தொழில். இரண்டாயிரத்து நாற்பத்து மூன்றில் சிவகங்கைப் பக்கம் நெடுவயல்குடி என்ற ஊரின் ஓரத்தில் எங்கள் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே ஒரு கண்ணாடிக்கூடத்துக்குள் பதினோரு வருடமாக ஒரு பூஞ்சையை வளர்த்து வந்தேன். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கிறவர்களை அழைத்துப்போய் அந்தப் பூஞ்சையைக் காட்டிவிடுவேன். அடுத்த கேள்வி வராது.

வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் எல்லா மண்ணிலும் உண்டு. செடி தன் வேர் வழியாகச் சர்க்கரை கொடுக்கும். பூஞ்சை, தலைமுடியைவிட மெல்லிய நூல்களை மண்ணெங்கும் ஓடவிட்டு, வேருக்கு எட்டாத தண்ணீரையும் சத்தையும் இழுத்துவந்து செடிக்குக் கொடுக்கும். நான் வளர்த்தது அதைவிடக் கெட்டிக்காரப் பூஞ்சை. தண்ணீர் நிற்கிற நெல்வயலிலும் அதற்கு மூச்சு முட்டாது. அதைவிட முக்கியமான சங்கதி, ஒரு செடியிடம் மிஞ்சி நிற்பதை எடுத்து, வாடுகிற செடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். பக்கத்துச் செடி, அதற்கும் பக்கத்துச் செடி என்று கைமாற்றிக் கைமாற்றி வயல் முழுக்கக் கொண்டுபோகும். அதற்கு வெண்ணூல் என்று பெயர் வைத்தேன். தொட்டியில்தான் எல்லாம் நடந்தது. வயலுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அனுமதி வருகிற வழியாக இல்லை.

கண்ணாடிக்கூடத்தில் எனக்கு உதவியாக இருந்தவர் முத்துராக்கு. என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சோதனை முடிந்த தொட்டி மண்ணைக் கொதிகலனில் போட்டு இரண்டு மணிநேரம் அவித்து, உயிர் எதுவும் மிஞ்சாமல் செய்துவிட்டு வெளியே கொட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. நல்ல மண்ணை இப்படி வேகவைக்கிறோமே என்று மாதம் ஒருமுறையாவது அங்கலாய்ப்பார். இந்தச் சீமையிலேயே இதைவிட நல்ல மண் கிடையாது அக்கா, அதனால்தான் வெளியே விடக்கூடாது என்று நானும் ஒவ்வொரு முறையும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

புரட்டாசியில் அந்த ஊர்க் காளியம்மனுக்குத் திருவிழா. வீட்டுக்கு ஒரு சட்டி எடுத்து, மண்ணும் எருப்பொடியும் நிரப்பி, ஊறவைத்த தானியங்களைத் தூவி, வெயில் படாத ஒரு அறையில் எல்லாச் சட்டிகளையும் சேர்த்து வைப்பார்கள். பெண்கள் தினமும் தண்ணீர் தெளித்துக் கும்மி கொட்டுவார்கள். ஒன்பதாம் நாள் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய், கண்மாயில் கரைத்துவிடுவார்கள். இதுதான் முளைப்பாரி. யார் வீட்டு முளை எவ்வளவு உயரம் என்று ஊரே பார்க்கும். குட்டையாக வந்தால் அந்த வீட்டுக்கு அந்த வருடம் நல்லதில்லை என்று பேச்சு. அக்காவின் முளைப்பாரி இரண்டு வருடமாக விரல் நீளத்தோடு நின்றுவிட்டது. முதல் வருடம் கணவர் பூமிநாதனுக்குக் கால் முறிந்தது. அடுத்த வருடம் மகளுக்குப் பேசியிருந்த இடம் தட்டிப்போனது. மூன்றாவது வருடம் அக்கா சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது, வா என்று சொல்ல ஆளில்லையாம்.

அந்த வருடம் அக்காவின் முளைப்பாரி ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்து, சட்டி தெரியாமல் அடர்ந்து நின்றது. திருவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்வலத்தில் அக்கா முதல் ஆளாக, கழுத்து விறைக்க, முகமெல்லாம் சிரிப்பாக நடந்து வந்தார். நான் போட்டோ எடுத்தேன். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். பதினோரு வருடம் பூட்டிவைத்த என் பூஞ்சை, மேளதாளத்தோடு என் மூக்குக்கு முன்னால் போய்க் கண்மாயில் இறங்கியது. நான் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

கண்மாய்த் தண்ணீர்தான் அங்கே நாற்பது ஏக்கருக்கும் பாயும். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி, மடை திறந்து, எல்லா வயலுக்கும் தண்ணீர் போனது. கார்த்திகை நடுவில் ஒருநாள் அக்கா வேலைக்கு வந்ததும் வராததுமாகத் தன் வயலில் நடக்கிற அதிசயத்தைச் சொன்னார். அம்மன் கண் திறந்துவிட்டாளாம். ஒன்பது வருடம் புல்லைத் தவிர வேறெதுவும் விளையாத வயலில் நெல் பச்சைப்பசேல் என்று நிற்கிறதாம். அத்தனைக்கும் அந்த வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் பாயவில்லை.

தண்ணீர் பாயாததற்குக் காரணம் ஒரு கிடாத்தலை. பூமிநாதனும் அவர் பெரியப்பா மகன் செல்லச்சாமியும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். செல்லச்சாமி நான்கு நாள் மூத்தவர். பாகம் பிரித்தபோது மேல்வயல் செல்லச்சாமிக்கும் கீழ்வயல் பூமிநாதனுக்கும் வந்தது. மேல்வயலில் பாய்ந்து, வரப்பில் இருக்கும் வாமடை வழியாகத்தான் கீழ்வயலுக்குத் தண்ணீர் இறங்க வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் குலசாமிக்குக் கிடா வெட்டியபோது, மூத்தவருக்குக் கொடுக்க வேண்டிய தலையைப் பூசாரி ஆள் மாறிப் பூமிநாதன் கையில் கொடுத்துவிட்டார். பூமிநாதனும் திருப்பிக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டார். மறுநாளே செல்லச்சாமி வாமடையைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பூமிநாதன் வருடா வருடம் புழுதியில் விதைப்பார், வருடா வருடம் கருகும். பிறகு யாருடைய ஆட்டுக்கிடையையாவது அங்கே அடைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்.

அன்று மத்தியானமே கீழ்வயலில் ஒரு செடியைப் பிடுங்கி வந்து வேரைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தேன். அடையாளத்துக்காக நான் வெண்ணூலுக்கு, நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற ஒரு நீலச்சாயல் கொடுத்திருந்தேன். அந்த நீலத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. வேர் முழுக்க நீலம். மேல்வயல் வேரிலும் நீலம். ஊரில் எட்டு இடத்தில் எடுத்துப் பார்த்தேன். எட்டிலும் நீலம்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவோ மழுப்பவோ அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஆமா டாக்டரம்மா, ரெண்டு படி மண்ணு எடுத்தேன். வேகவைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தேன். வெந்த மண்ணுல சாமிக்கு முளை போட முடியுமா?"

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, அப்படியானால் அம்மன் இல்லையா, உங்கள் நூல்தான் என் வயலைக் காப்பாற்றியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்கள் மனதில் புகுந்து அதை வளர்க்கச் சொன்னது யாராம் என்று கேட்டுவிட்டுத் தொட்டிகளைக் கழுவப் போய்விட்டார்.

அன்று முழுக்க இதை மறைத்துவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது, பயிரும் நன்றாக இருக்கிறது, எதற்கு வம்பு என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் இது எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாதபோது நாற்பது ஏக்கர்க்காரர்களிடம் சொல்லாமல் இருப்பது அயோக்கியத்தனம். மறுநாள் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மண் வெளியே போன விதத்தையும் எழுதினேன். ஓர் ஊழியர் என்று மட்டும் போட்டிருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு மனவருத்தப்பட்டார். எல்லாரும் பார்த்த முளைப்பாரி, அது இன்னார் வீட்டுடையது என்று போடுவதில் என்ன கௌரவக் குறைச்சல் என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அதிகாரி தேசிகன் வந்தார். ஒல்லியான மனிதர். சிரிப்பதற்கும் விண்ணப்பம் போட வேண்டும் போலிருக்கும் முகம். சமுதாயக்கூடத்தில் ஊரைக் கூட்டி விதியைப் படித்தார். சம்மதம் கேட்காமல் வயலுக்குள் நுழைந்த உயிர் இது. இதனால் யாருக்காவது இழப்பு என்று ஒரே ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் போதும், நாற்பது ஏக்கர் பயிரையும் கொளுத்தி, மண்ணுக்குள் நச்சுப்புகை செலுத்தி, மூன்று வருடம் எதுவும் விதைக்காமல் போட்டுவிடுவார்கள். யாருக்கும் இழப்பில்லை என்றால் கண்காணிப்பில் விட்டுவைப்பார்கள்.

மற்றவர்களுக்குப் புகார் இல்லை. ஏறக்குறைய ஒரே மாதிரி தண்ணீர் பாய்கிற வயல்கள், எடுத்ததும் கொடுத்ததும் சமமாகப் போய்விட்டது. செல்லச்சாமி மட்டும் எழுந்தார். மூன்று நாள் நிற்கிற தண்ணீர் இப்போதெல்லாம் இரண்டே நாளில் காணாமல் போகிறது, எங்கே போகிறது என்று இன்றைக்குத்தான் புரிகிறது என்றார்.

நான் முன்னால் போய் விளக்கினேன். மிஞ்சி நிற்பதைத்தான் எடுக்கும், உங்கள் பயிர் வாடுகிற அளவுக்கு எடுக்காது, வாடுகிற பயிருக்குத்தான் கொடுக்கும் என்றேன்.

"யாரக் கேட்டுக் குடுத்துச்சு?" என்றார் செல்லச்சாமி.

பதினோரு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அவரே தொடர்ந்தார்.

"மேல போனா மடைய அடைச்சுருவேன் டாக்டரம்மா. கீழ போறத எதக் கொண்டு அடைக்க? எவனுக்குத் தண்ணி விடமாட்டேன்னு நான் வைராக்கியமா இருக்கேனோ, அவனுக்கே எங் காலுக்குக் கீழ பாயுது. இதுக்குப் பேரு களவு இல்லாம என்ன?"

நியாயம் அவர் பக்கம். அதை அங்கேயே சொல்லவும் சொன்னேன். தேசிகன் படிவத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். பக்கத்தில் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிற முதல் பயிர். எனக்கு அப்போது ஒரே ஒரு யோசனைதான் வந்தது. இரண்டு வயலுக்கும் நடுவே இடுப்பாழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டிவிடுகிறேன், நூல் காற்றைத் தாண்டிப் போகாது, மண்ணோடு மண் தொட்டால்தான் போகும் என்றேன். முப்பது நாள் பாருங்கள். அப்போதும் இழப்பு என்றால் கையெழுத்துப் போடுங்கள்.

தேசிகன் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அந்த முப்பது நாளும் அந்த இரண்டு வயலுக்குள்ளும் வெளியிலிருந்து உரமோ மருந்தோ ஒரு பொட்டுகூடப் போகக்கூடாது. போனால் எது எதனால் நடந்தது என்று தெரியாமல் போய்விடும். செல்லச்சாமியும் சரி என்றார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்தச் சட்டைப்பைக்குத்தான் போனது.

இயந்திரம் வந்து அரை நாளில் பள்ளம் வெட்டிப் போட்டுவிட்டுப் போனது. தேசிகனின் ஆட்கள் வயல் மூலைகளில் கேமரா வைத்தார்கள்.

பத்து நாளில் கீழ்வயல் வாட ஆரம்பித்தது. மார்கழியில் ஒரு தூறலும் இல்லை. நெல் பொதி கட்டியிருந்த நேரம், அதாவது கதிர் தண்டுக்குள் இருக்கும், இன்றோ நாளையோ வெளியே வர வேண்டும். பயிருக்கு அது பிள்ளைத்தாய்ச்சி மாதிரியான பருவம். அக்கா ஒரு ஃபர்லாங் தள்ளியிருந்த அடிகுழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து ஊற்றினார். ஒரு ஏக்கர் வயலுக்குக் குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு? போதும் விடுங்கள் அக்கா என்றால் கேட்கமாட்டார்.

மேல்வயல் செழித்திருக்க வேண்டும் அல்லவா? அங்கே இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி. செல்லச்சாமி என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். முகத்தில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. மண்ணைச் சோதித்துப் பார்த்தபோது துத்தநாகச் சத்துப் பற்றாக்குறை. எப்போதும் தண்ணீர் நிற்கிற, உரம் போட்டுப் போட்டு வந்த மண்ணில் அது பயிருக்குக் கிடைக்காமல் போவது வழக்கம்தான். ஒரு பொட்டலம் வாங்கிக் கரைத்துத் தெளித்தால் சரியாகிவிடும். ஆனால் தேசிகனின் நிபந்தனை நடுவே நின்றது.

அப்படியானால் பள்ளம் வெட்டுவதற்கு முன்னால் ஏன் புள்ளி வரவில்லை என்று கேட்டார் செல்லச்சாமி. அப்போது கீழ்வயலிலிருந்து வந்தது என்றேன். ஒன்பது வருடம் ஆட்டுக்கிடை போட்டு, ஆட்டுப் புழுக்கை உரமாகச் சேர்ந்த மண் அது. அங்கே துத்தநாகம் மிஞ்சி நின்றது, இங்கே தண்ணீர் மிஞ்சி நின்றது. நூல் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒன்றை வாங்கி வந்திருக்கிறது.

"அவன் வயலு எனக்குக் குடுத்துச்சுனு சொல்றீக?"

"ஆமா."

"நீங்க உங்க நூலுக்கு வக்காலத்து வாங்குறீக" என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். முப்பதாவது நாள் கையெழுத்து நிச்சயம் என்று டீக்கடையிலும் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் பூமிநாதன் சற்றே சாய்ந்த நடையோடு என்னைத் தேடி வந்தார். தன் வயல் மேல்வயலுக்குக் கொடுத்தது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். எவ்வளவு கொடுத்தது என்று கேட்டார். அளந்து சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

இந்த நேரம் பார்த்து என்னைச் சென்னைக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பதினான்கு நாள் இழுத்தார்கள். திட்டத்தில் முளைப்பாரி ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார். இல்லாதது என் தவறு, நூற்றுப் பதினேழாம் பக்கமாகச் சேர்த்துவிட்டேன் என்று காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை ஆர்வமாகப் படித்தார். அவருடைய அம்மா ஊர் பரமக்குடிப் பக்கமாம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு ஒன்றும் செய்யவில்லை, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் பயிர் என்ன ஆகியிருக்கும் என்றுதான் நினைப்பெல்லாம். அக்காவுக்குப் போன் பண்ணினால், வந்து பாருங்கள் டாக்டரம்மா என்பதற்கு மேல் பேச்சில்லை. செத்துப்போனதை எப்படிச் சொல்வது என்று தவிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பதாவது நாள் காலை தேசிகனோடு ஒரே காரில் போய் இறங்கினேன். வரப்பில் ஏறிப் பார்த்தேன். கீழ்வயல் பச்சையாக நின்றது, கதிர் பாதி வெளியே தலைகாட்டியிருந்தது. மேல்வயலில் பழைய இலைகளில் மட்டும் புள்ளி. புது இலையெல்லாம் சுத்தமாக இருந்தது. மழையும் இல்லை, உரமும் போகவில்லை. வயல் மூலைகளில் இருந்த கேமராக்களின் பதிவைத் தேசிகனே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

செல்லச்சாமி, பூமிநாதன், அக்கா மூவரும் காத்திருந்தார்கள். செல்லச்சாமியின் சட்டைப்பை புடைத்திருந்தது. பள்ளத்தைப் பார்த்துவிடலாம் என்றார் தேசிகன். எல்லாரும் வரிசையாக அதன் கரையிலேயே நடந்தோம்.

வடக்குக் கோடியில், வேப்பமர நிழல் கேமராவுக்கு மறைக்கிற இடத்தில், ஐந்தடி நீளத்துக்குப் பள்ளம் மூடியிருந்தது. மண்ணைப் போட்டு, மிதித்து, மேலே மட்டம் பார்த்துத் தேய்த்துவிட்டிருந்தார்கள். கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும் செல்லச்சாமியின் வரப்புகளைப் பார்த்தவர்களுக்கு அது யார் கைவேலை என்று சொல்ல வேண்டியதே இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

இது எப்படி மூடியது என்று தேசிகன் கேட்டார்.

"எலி தள்ளியிருக்கும் சார்" என்றார் செல்லச்சாமி.

பிறகு அக்கா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அக்கா குடம் சுமந்தபோது செல்லச்சாமி மூன்று நாள் மேல்வயல் வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். நான்காம் நாள் மத்தியானம், ஊரே சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில் மண்வெட்டியோடு இந்தப் பக்கம் போவதை அக்கா பார்த்திருக்கிறார். வாமடையைத் திறந்தால் ஊர் பார்க்கும், வைராக்கியம் போய்விடும். மண்ணுக்குக் கீழே போவதை யார் பார்க்கப்போகிறார்கள்? பத்து நாளில் நூல் அந்த ஐந்தடி வழியாக மறுபடியும் கோத்துக்கொண்டுவிட்டது.

தேசிகன் குறித்துக்கொண்டு மேலே நடந்தார். தெற்குக் கோடிக்கு வந்தோம். அங்கே கோரைப்புல் புதருக்குப் பின்னால், இன்னொரு இடத்தில் பள்ளம் மூடியிருந்தது. இது கட்டியும் முட்டியுமாக, கல்லும் புல்லும் கலந்து, அவசர அவசரமாக அள்ளிப்போட்ட வேலை. ஒற்றைக்கால் ஊன்றி வேலை செய்தவனின் தடம், ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் பதிந்து காய்ந்திருந்தது.

செல்லச்சாமி அங்கேயே நின்றுவிட்டார். தடத்தைப் பார்த்தார். பிறகு தன் வயலில் புள்ளியில்லாமல் நின்ற புது இலைகளைப் பார்த்தார். அதற்குப் பிறகு, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, பூமிநாதனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டு கோரைப்புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"இதுவும் எலிதானா?" என்றார் தேசிகன்.

"நண்டா இருக்கும் சார்" என்றார் பூமிநாதன், தலை நிமிராமல்.

தேசிகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப்படி பள்ளத்தை மூடுவது குற்றம். ஆனால் அந்தப் பள்ளம் செல்லச்சாமியின் பாதுகாப்புக்காக வெட்டியது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று யாரும் கேட்காமலே ஒரு விளக்கம் கொடுத்தார். எலியின் மேலும் நண்டின் மேலும் நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. விண்ணப்பம் போடாமலே சிரித்துவிட்டார் மனிதர். பிறகு செல்லச்சாமியிடம், படிவத்தில் இரண்டில் ஒன்று எழுத வேண்டும், இழப்பு உண்டா இல்லையா என்று கேட்டார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

செல்லச்சாமி நான்காக மடித்த காகிதத்தைப் பிரித்தார். அது ஒரு மாத வியர்வையில் பழுத்துப்போயிருந்தது. தேசிகனின் பேனாவை வாங்கி, முழங்காலில் வைத்து, எழுத்துக்கூட்டி எழுதுகிறவர் மாதிரி மெதுவாக எழுதினார்.

"இல்லைனு எழுதியிருக்கேன் சார். நல்லாப் பாத்துக்கோங்க. இனிமே கேட்டுக்கிட்டு வராதீக."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது செல்லச்சாமி என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, கீழ்வயக்காரர்ட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. வாமடையத் தெறந்து விடவா, இல்ல கீழ போறதே போதுமானு."

கீழ்வயல்காரர் இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

"டாக்டரம்மா, தெறந்தா வேணாம்னு சொல்லமாட்டேன்னு மேல்வயக்காரர்ட்ட சொல்லுங்க. ஆனா அவருக்குக் கஷ்டம்னா வேணாம்."

எனக்குக் கஷ்டம் இல்லை என்று சொல்லுங்கள் என்றார் மேல்வயல்காரர். அப்படியானால் சரி என்று சொல்லுங்கள் என்றார் கீழ்வயல்காரர். நான் மாரியம்மன் கோயில் உடுக்கை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தேன். அக்கா இதைக் கொஞ்ச நேரம்தான் பொறுத்துக்கொண்டார். வரப்பில் செல்லச்சாமி குத்தி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரே விடுவிடு என்று வாமடைக்குப் போனார். கதிர் தள்ளுகிற பயிர் தண்ணீருக்குக் காத்து நிற்கும்போது இவர்களுக்குத் தூது ஒரு கேடு என்று போகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டே போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்பது வருடத்து மண்ணை ஓங்கி ஒரு போடு போட்டார்.

"ஏத்தா, அகலமா வெட்டாத, வரப்பு அத்துக்கிட்டுப் போயிரும்."

இதை யார் சொன்னார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையில் சொன்னார்கள்.

அக்கா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் வந்து வெட்டுங்க."

இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு மண்வெட்டிதான் இருந்தது. செல்லச்சாமி வெட்ட, பூமிநாதன் கையாலேயே கல்லைப் புரட்டிப் புரட்டி எடுத்து, வாமடைக்கு நேரே பள்ளத்தில் போட்டு நிரப்பினார். தண்ணீர் முதலில் கலங்கலாக, பிறகு தெளிவாகக் கீழ்வயலுக்குள் இறங்கியது.